பல் சொன்னதும் மணிக்கட்டு சொன்னதும்

அவைத்தலைவர் ஐயா அவர்களே, பள்ளித் தலைமையாசிரியை அம்மா அவர்களே, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அவர்களே, பந்தல் போட்டுக் கொடுத்த வாசகர் வட்டத்து நண்பர்களே, முன்னால் பாயில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம். நம் அரியலூர் மாவட்டத்தில் அணிலைப் பற்றிக் கேட்க இத்தனை பேர் வந்ததே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

அழிந்துபோன ஓர் அணிலின் பல், அதன் மணிக்கட்டு, நம் ஊர்க் கல்லின் கதை, இந்த மூன்றையும் பேசலாம் என்று இருக்கிறேன்.

முதலில் பல். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்று என் பாட்டி எதற்கெடுத்தாலும் சொல்வார். பழைய அணில்களை ஆராய்கிறவர்களுக்கு அந்த ஒரு சோறுதான் பல். அணிலின் எலும்பு மெல்லியது, நொறுங்கி மண்ணோடு போய்விடும். பல்லின் எனாமல் கோடி ஆண்டு தாங்கும். மூட்டை மூட்டையாக மண்ணை அள்ளிச் சல்லடையில் போட்டு அலசினால், கடைசியில் அரிசி அளவுக்குக் கடைவாய்ப்பல் ஒன்று நிற்கும். அதன் மேடு பள்ளத்தை வைத்து இன்ன அணில் என்று பெயர் சூட்டுவார்கள். மியோபெடாரிஸ்டா என்கிற பெரிய பறக்கும் அணிலும் பெரும்பாலும் பல்லாகவே அறியப்பட்டிருந்தது. ஆனால் பல் தின்றதைச் சொல்லும், பறந்ததைச் சொல்லுமா?

ஸ்பெயினில், பார்சிலோனா அருகே கான் மாதா என்று ஒரு குப்பைக்கிடங்கு. 2002-ல் அதை விரிவாக்கத் தோண்டினார்கள். பொக்லைன் தோண்டத் தோண்ட, பக்கத்திலேயே தொல்லுயிர் ஆய்வாளர்கள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு வால் வந்தது. அப்புறம் தொடை எலும்புகள். அளவைப் பார்த்ததும் குரங்கு வகை என்றே நினைத்தார்கள். நினைக்காமல் என்ன செய்வார்கள்? வாலில்லாக் குரங்கான பியரோலாபிதேகஸ் கிடைத்ததும் அதே கிடங்கில்தான். ஆனாலும் சுற்றியிருந்த மண்ணை வீசிவிடவில்லை, பொறுமையாக அலசினார்கள். சல்லடையில் பொடிப்பொடியாக மணிக்கட்டு எலும்புகள் தங்கின. பறக்கும் அணிலுக்குச் சிறகு கிடையாது. மணிக்கட்டிலிருந்து நீளும் குருத்தெலும்புதான் பக்கவாட்டுத் தோலை விரித்துப் பிடிக்கும். அதற்கென்றே அமைந்த எலும்புகள் அவை! குரங்கு அணிலாயிற்று, நான் முன்னே சொன்ன அந்த மியோபெடாரிஸ்டாவாயிற்று. 1.16 கோடி ஆண்டுப் பழமை. 2018-ல் ஆய்வுக் கட்டுரை வந்தது. நம் ஆனைமலைக் காட்டில் இரவில் மரம் விட்டு மரம் மிதந்து போகிறதே பெரிய பறக்கும் அணில், அதற்கு நெருங்கிய சொந்தம்.

சரி, இப்போது நம் ஊருக்கு வருகிறேன். தலைவர் ஐயா பொறுத்தருள வேண்டும். நம் காலடியில் இருப்பது, டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடல். சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிறோம். சிறுவயதில் எங்கள் வீட்டுக் கதவு காற்றில் அடிக்காமலிருக்க அப்பா முட்டுக்கொடுத்திருந்த கல், சுருள் சுருளாக வரி ஓடிய ஓர் அம்மோனைட், அழிந்துபோன கடல் உயிரின் கல்லாகிப்போன ஓடு. சாலை போட வந்தவர்கள் ஜல்லியோடு ஜல்லியாக அதையும் உடைத்தார்கள். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. ஒரு சோறு பதம்தான், ஒப்புக்கொள்கிறேன். பானையையே லாரியில் ஏற்றிவிட்டால் எந்தச் சோற்றை எடுத்துப் பார்ப்பது? குவாரி அனுமதியிலேயே, தோண்டும் இடத்தில் தொல்லுயிர் அறிந்த ஒருவர் நிற்க வேண்டும் என்று எழுதச் சொல்லுங்கள். குப்பைக்கிடங்குக்கே அங்கே அதைச் செய்திருக்கிறார்கள்.

மனு நூலக வாசலில் மேசைமேல் இருக்கிறது, பேனாவும் கட்டியிருக்கிறது. தலைமையாசிரியை அம்மா முதல் கையெழுத்துப் போட்டுவிட்டார். போகும்போது நீங்களும் போட்டுவிட்டுப் போங்கள்.