கோவிவனை மாமாவுக்கு எப்படிக் காட்டுவது?

வணக்கம் நண்பர்களே. பின்னால் தெரிவது நம்ம வேலூர்க் கோட்டை அகழி. காற்றுச் சத்தம் கொஞ்சம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். இன்றைக்குச் சுற்றிக்காட்டப் போவதில்லை, என் மாமாவைப் பற்றிப் பேசப்போகிறேன்.

மாமா குடியாத்தத்தில் லுங்கி நெய்தவர். சர்க்கரை நோயால் பார்வை போய் ஏழு வருஷம் ஆகிறது. நடுகல், கல்வெட்டு என்றால் அவருக்கு உயிர். செல்போனில் டாக்பேக் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் அவரே படிப்பார். விரல் வைத்த இடத்தில் இருப்பதை அது வாசித்துச் சொல்லும், இரண்டு முறை தட்டினால் திறக்கும்.

போன மாதம் ஓர் அருங்காட்சியகத்தின் இணையதளத்தைத் திறந்தார். எந்த ஊர் என்பது வேண்டாம். நடுகல் படங்கள் வரிசையாக இருந்தன. போன் வாசித்தது இதைத்தான்: "ஐஎம்ஜி 2047. ஐஎம்ஜி 2048." மாமா என்னைக் கூப்பிட்டு, "ஏம்பா, கல்லைப் பத்தி ஒண்ணுமே சொல்லலையே" என்றார்.

அந்த 2047 எது தெரியுமா? எடுத்தனூர் நடுகல்! செங்கம் பக்கம், பழைய வட ஆர்க்காடு. மகேந்திரவர்மப் பல்லவன் காலத்துக் கல். வீரனோடு அவன் நாயையும் செதுக்கியிருக்கிறார்கள். நாயின் பெயர் கோவிவன், இரண்டு கள்ளர்களைக் கடித்துக் காவல் காத்தது என்று கல்வெட்டே சொல்கிறது. 1,400 வருஷமாகக் கல்லில் நிற்கும் நாய், மாமாவின் போனில் வெறும் நம்பராகிவிட்டது. எனக்கு மனசு ஆறவில்லை.

வெப்சைட் செய்வதுதான் என் வேலை. ஒவ்வொரு படத்துக்கும் பின்னால் ஆல்ட் டெக்ஸ்ட் என்று ஒரு வரி எழுத இடம் உண்டு. போன் வாசிப்பது அதைத்தான்; அது இல்லாவிட்டால் படக் கோப்பின் பெயரை, அந்த 'ஐஎம்ஜி 2047'-ஐ வாசிக்கும். சரி, நாமே எழுதிப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். முதலில் 'நடுகல்' என்று எழுதினேன். "அது தெரியுமே" என்றார். அப்புறம் 'வில் ஏந்திய வீரன்'. "இன்னொரு கையில? நாய் எங்க?" என்று கேட்டார். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்து மறுபடி எழுதினேன்: 'பலகைக் கல்லில் வீரன். ஒரு கையில் வில், மறு கையில் குறுவாள். அருகே அவன் நாய். வட்டெழுத்து வரிகள்.' மாமா இரண்டு முறை கேட்டார். கல்வெட்டு வாசகத்தைத் தனியாக எழுத்தில் போட வேண்டும், படத்தில் இருக்கும் வட்டெழுத்தை போன் படிக்காது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையேட்டை ஸ்கேன் செய்து பிடிஎஃப்பாக அப்படியே ஏற்றினால் போனுக்கு அது வெறும் படம். கணினியின் பழைய தமிழ் ஃபான்ட்டில் அடித்திருந்தால் உளறும், எல்லாக் கருவிக்கும் பொதுவான யுனிகோட் எழுத்து வேண்டும். பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிக்காவிட்டால் ஆங்கிலக் குரல் வந்து தமிழைக் குதறிவிடும். கொஞ்சம் பார்வை உள்ளவர்களுக்கு நிற வேறுபாடு முக்கியம். சிறிய எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே வெளிச்ச வித்தியாசம் குறைந்தது 4.5-க்கு 1 இருக்க வேண்டும் என்கிறது இணையதளங்களுக்கான சர்வதேச வழிகாட்டி நெறி. மவுஸ் பிடிக்க முடியாதவர்களுக்குக் கீபோர்டிலேயே எல்லாம் திறக்க வேண்டும்.

நேரில் போகலாமே என்பீர்கள். இதோ இந்தக் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் கண்டியின் கடைசி மன்னர் விக்கிரம ராஜசிங்கனின் தந்தச் சதுரங்கப் பலகை இருக்கிறது. 1832-இல் இறக்கும்வரை ஆங்கிலேயர் அவரை வேலூரில்தான் சிறை வைத்திருந்தார்கள். அந்தப் பலகையைத் தொட்டுப் பார்க்க முடியுமா? நேரில் வந்தாலும் மாமாவுக்குச் சொல்தான் கண். அந்தச் சொல் தளத்தில் இருந்தால் குடியாத்தத்தில் கட்டிலில் படுத்தபடியே கேட்பார். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இதற்கு இடம் இருக்கிறது, நாம் சலுகை கேட்கவில்லை.

உங்கள் ஆண்ட்ராய்டு போனில் இரண்டு வால்யூம் பட்டனையும் சேர்த்து மூன்று விநாடி அழுத்துங்கள், டாக்பேக் வரும். கண்ணை மூடிக்கொண்டு ஒரு அருங்காட்சியகத் தளத்துக்குள் போய், என்ன கேட்டது என்று கமெண்டில் எழுதுங்கள். நான் ஆறு நடுகற்களுக்கு வரி எழுதி அந்தத் தளத்துக்கு அனுப்பிவிட்டேன். நேற்று மாமா போனில், "கோவிவனோட வால் எப்படிப்பா இருக்கு?" என்று கேட்டார். நான் அதைக் கவனிக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் படத்தைத் திறந்து முதலில் வாலைப் பார்க்க வேண்டும்.