கல்யாண விருந்தில் லத்தீன் ஜெபம்: சிரிப்புக்கு எங்கே இடம்?

அவையோர் அனைவருக்கும் வணக்கம். இங்கிலாந்தில் கல்யாண விருந்துக்கு உட்காரும் முன் லத்தீனில் ஒரு ஜெபம் சொல்லி, சபையைச் சிரிக்கவும் வைப்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சு. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். முப்பது விநாடிக்குள் முடிந்துவிடும் காரியம்தான். ஆனால் அந்த முப்பது விநாடிக்கு நூறு பேர் பசியோடு எழுந்து நிற்கிறார்கள். சொல்லுகிறவர் எதைச் சொல்கிறோம் என்று தெரிந்து சொல்ல வேண்டும்.

இந்த வழக்கத்தின் வீடு ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் கல்லூரி மண்டபங்கள். அங்கே முறைப்படி நடக்கும் இரவு விருந்தில் பேராசிரியர்கள் தங்களுக்கென்று உள்ள தலைமை மேசையான ஹை டேபிளுக்கு வந்து சேர்ந்ததும் எல்லோரும் எழுந்து நிற்பார்கள். ஒருவர் லத்தீன் ஜெபம் சொல்வார். சில கல்லூரிகளில் அதைச் சொல்வது ஸ்காலர் எனப்படும், கல்லூரி உதவித்தொகை பெறும் மாணவர் ஒருவரின் கடமை. சில இடங்களில் ஜெபம் நீளம். பைபிளின் 145-ஆம் சங்கீதத்தில் எல்லா உயிர்களின் கண்களும் ஆண்டவரை நோக்கிக் காத்திருப்பதாக வரும் அடிகளில் தொடங்கும். சில இடங்களில் இரண்டே சொல்: 'பெனெதீக்துஸ் பெனெதீகாத்'. ஆசி பெற்றவர், அதாவது இறைவன், ஆசி தருவாராக, அவ்வளவுதான். பழைய மாணவர்கள் கல்லூரிக் கோயிலில் மணம் முடித்து, அதே மண்டபத்தில் விருந்தும் வைக்கும்போது இந்த ஜெபமும் கூடவே வந்துவிடுகிறது.

நகைச்சுவை ஜெபம் என்றதும் பலர் செய்வது, முழுவதையும் கேலியாக்குவது. வாய்க்கு வந்த ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் 'உஸ்', 'உம்', 'இபுஸ்' என்று வால் ஒட்டிவிடுவார்கள். முதல் வரிக்குச் சிரிப்பு வரும். மூன்றாவது வரியில் சபை தட்டைப் பார்க்கத் தொடங்கிவிடும். மணமகளின் பாட்டி ஜெபத்துக்கென்று கைகூப்பி நின்றிருப்பார். அவருக்கு அது மனக்கஷ்டம். என் உறுதியான கருத்து: ஜெபம் உண்மையான ஜெபமாக இருக்க வேண்டும், இலக்கணம் பிசகாமல் இருக்க வேண்டும், சிரிப்பு ஒரே ஒரு இடத்தில் வர வேண்டும்.

எடுத்துக்காட்டோடு பார்ப்போம். கத்தோலிக்கர் உணவுக்கு முன் சொல்லும் லத்தீன் ஜெபம் இது: 'பெனெதீக், தோமினெ, நோஸ் எத் ஏக் துவா தோனா, க்வே தே துவா லார்ஜிதாத்தே சூமுஸ் சும்ப்தூரி. பெர் கிறிஸ்தும் தோமினும் நோஸ்த்ரும். ஆமென்.' ஆண்டவரே, எங்களையும், உமது தாராளத்தால் நாங்கள் பெறப்போகும் இந்தக் கொடைகளையும் ஆசீர்வதியும் என்று பொருள். இதில் 'தே துவா லார்ஜிதாத்தே' என்பதற்குப் பின்னால் மூச்சு விட இடம் இருக்கிறது. அங்கே நான்கு சொல் சேர்க்கலாம்: 'எத் தே சோசெரி மார்சூபியோ'. 'மாமனாரின் பணப்பையிலிருந்தும்.' ஆண்டவரின் தாராளத்தாலும் மாமனாரின் பணப்பையாலும் நாங்கள் பெறப்போகும் கொடைகள்!

இதை ஏன் பரிந்துரைக்கிறேன்? நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு லத்தீன் தெரியாது. ஆனால் 'மார்சூபியோ' என்று கேட்டதும் ஆங்கிலக் காது விழித்துக்கொள்ளும். கங்காருவின் இனத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் பெயர் இதே சொல்லிலிருந்து வந்ததுதான். பை என்பது புரிந்துவிடும். சொல்லிவிட்டு இரண்டு விநாடி நிறுத்தி, மணமகளின் தந்தையை ஒரு முறை பார்த்தால் போதும். லத்தீன் தெரிந்த பத்துப் பேர் முதலில் சிரிப்பார்கள். மற்றவர்கள் அந்தப் பார்வையைத் தொடர்ந்து சிரிப்பார்கள். விருந்துச் செலவு யாருடையது என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இப்போதெல்லாம் மணமக்களே பணம் கட்டுவது சகஜம். அப்படியானால் இந்த வரி வேண்டாம். பதிலாக 'தா சீபும் காலிதும், வீனும் ஃப்ரீஜிதும், ஓராட்சியோனேஸ் ப்ரேவேஸ்' என்று ஒரு வரி சேர்க்கலாம். சூடான உணவும், குளிர்ந்த திராட்சை மதுவும், சுருக்கமான பேச்சுகளும் தாரும். விருந்துக்குப் பின் மூன்று பேராவது எழுந்து பேசப்போகிற சபையில் கடைசி இரண்டு சொல்லுக்குக் கைதட்டலே கிடைக்கும்.

இந்த வித்தை புதிதல்ல. பன்னிரண்டாம் நூற்றாண்டில் கொலோன் பேராயர் ரைனால்டிடம் இருந்த ஒரு கவிஞர், பெயர் தெரியாததால் ஆர்க்கிபொயெட்டா என்றே அழைக்கப்படுகிறவர், தாம் மதுக்கடையில் சாக விரும்புவதாகப் பாடினார். அப்போது தேவதூதர்கள் என்ன பாடுவார்களாம்? 'சித் தேயுஸ் ப்ரோபீட்சியுஸ் ஊயிக் போதாதோரி.' இந்தக் குடிகாரன்மேல் கடவுள் இரக்கம் வைப்பாராக. லூக்கா நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தில் வரி வசூலிக்கும் ஆயக்காரன் மார்பில் அடித்துக்கொண்டு சொல்வது 'பெக்காதோரி', அதாவது பாவி. பெக்காதோரி இருந்த இடத்தில் போதாதோரி. ஒரு சொல் மாறியது; மற்றதெல்லாம் ஜெபம்தான். சிலேடையில் வளர்ந்த நமக்கு இந்த நுட்பத்தை விளக்க வேண்டியதில்லை. 1803-இல் பெனெதிக்ட்பாயர்ன் மடத்தில் கிடைத்த 'கார்மினா புரானா' என்ற இடைக்காலப் பாடல் சுவடியில் சூதாடிகளின் பூசை என்று ஒன்று இருக்கிறது. அது பூசை முழுவதையும் தலைகீழாக்குகிறது. படிக்கலாம், ரசிக்கலாம். கல்யாண மேசைக்கு அது ஆகாது. ஆர்க்கிபொயெட்டாவின் ஒற்றைச் சொல்தான் நமக்கு வழி.

இலக்கணத்தில் சறுக்கும் இடங்கள் சில உண்டு. மணமக்களைச் சேர்க்க ஆசைப்பட்டு 'பெனெதீக் ஸ்போன்சோ எத் ஸ்போன்சா' என்று எழுதிவிடுவார்கள். 'நோஸ்' இருக்கும் அதே வேற்றுமையில் 'ஸ்போன்சும் எத் ஸ்போன்சாம்' என்று வர வேண்டும். பெயர் சொல்வதானால் வில்லியம் குலியெல்முஸ், ஜேம்ஸ் யாகோபுஸ் என்று பழைய வடிவங்கள் இருக்கின்றன. அவையும் 'குலியெல்மும்', 'யாகோபும்' என்று மாறும். லத்தீன் வடிவம் இல்லாத பெயரை வளைக்காமல் விட்டுவிடுங்கள். ஒருவருடைய பெயரை வைத்துச் சிரிப்பது விருந்தோம்பல் ஆகாது.

உச்சரிப்பில் இரண்டு வழி உண்டு. ரோமத் திருச்சபை வழியில் 'லார்ஜிதாத்தே', 'ஃப்ரீஜிதும்'. பள்ளியில் கற்கும் பழைய ரோமர் வழியில் 'லார்கிதாத்தே', 'ஃப்ரீகிதும்'; 'வீனும்' என்பதன் முதலெழுத்தும் இதழ் குவித்து வரும். எதை எடுத்தாலும் சரி, கடைசிவரை அதையே பிடித்துக்கொள்ளுங்கள். ஜெபம் திருச்சபையுடையது என்பதால் நான் முதல் வழியைச் சொல்வேன். அழுத்தம் எங்கே விழும் என்பதற்கு விதி எளிது: கடைசிக்கு முந்தைய அசை நெடிலாகவோ மெய்யில் முடிவதாகவோ இருந்தால் அதில் அழுத்தம், இல்லையென்றால் அதற்கும் முந்தையதில். ஆகவே 'சும்ப்தூரி'யில் தூ, 'தோமினெ'யில் தோ. தமிழர்க்கு இரட்டை மெய் தகராறில்லை. 'பெக்காதோரி'யின் க்கா தானாக வரும். தமிழ் எழுத்தில் எழுதி வைத்துக்கொள்கிறவர்கள் மட்டும், எந்தப் பகரம் மென்மையாக ஒலிக்கும், எது வன்மையாக ஒலிக்கும் என்று வண்ண மையால் குறித்துக்கொள்ள வேண்டும். 'பெனெதீக்' மென்மை, 'பெர்' வன்மை. நம் ஊரிலும் 1960-கள் வரை பூசை லத்தீனில்தான் நடந்தது. அதைக் கேட்டு வளர்ந்த பெரியவர் வீட்டில் இருந்தால் ஒரு முறை அவர்முன் சொல்லிக் காட்டுங்கள்.

லத்தீனைத் தொடவே தயங்குகிறவர்களுக்கு இன்னொரு வழி இருக்கிறது. 'பெனெதீக்துஸ் பெனெதீகாத்' என்ற இரண்டு சொல்லை அப்படியே பயபக்தியோடு சொல்லுங்கள். பிறகு, 'இதன் பொருள்' என்று தொடங்கி, நான்கு வாக்கியத்துக்கு நீளும் ஒரு மொழிபெயர்ப்பை ஆங்கிலத்தில் கொடுங்கள்: சமையல்காரர்களுக்கு நன்றி, தூரத்திலிருந்து வந்தவர்களுக்கு நல்வரவு, மாப்பிள்ளையின் நண்பர் தம் பேச்சில் அடக்கம் காப்பாராக, மணமக்களுக்கு நீண்ட ஆயுள். இரண்டு சொல்லுக்கு இவ்வளவு பொருளா என்பதிலேயே சிரிப்பு வந்துவிடும். ஜெபத்துக்கும் பழுதில்லை. இந்த ஜெபத்தில் கிறிஸ்துவின் பெயர் வெளிப்படையாக வராததால் பல மதத்தவர் கூடிய மேசைக்கும் பொருந்தும்.

நாளன்று செய்ய வேண்டியவை: மணம் நடத்திய குருவானவர் விருந்துக்கு வருகிறாரா என்று கேளுங்கள். வந்தால் ஜெபம் அவருடைய உரிமை. அவர் சம்மதித்தால்தான் நீங்கள். இங்கிலாந்தில் பதிவுத் திருமணச் சடங்குக்குள் மத வழிபாடு கூடாது என்பது சட்டம். அது சடங்கோடு சரி. விருந்து மேசையில் ஜெபம் சொல்லத் தடையில்லை. வாசகத்தை உள்ளங்கை அளவு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். விருந்தில் யார் எப்போது பேசுவார்கள் என்று அறிவிக்கும் சிவப்புக் கோட்டு டோஸ்ட்மாஸ்டரிடம் உங்கள் பெயரையும் நிற்கும் இடத்தையும் முன்பே சொல்லி வையுங்கள். மணமக்கள் உள்ளே வரும்போது எல்லோரும் எழுந்திருப்பார்கள். உட்காரும் முன்பே ஜெபத்தைத் தொடங்கிவிட வேண்டும். ஒரு முறை உட்கார்ந்துவிட்ட சபையை மறுபடி எழுப்பினால் நாற்காலிச் சத்தத்திலேயே முதல் வரி போய்விடும். சிரிப்பு அடங்கியபின் 'பெர் கிறிஸ்தும் தோமினும் நோஸ்த்ரும்' என்பதை மெதுவாக, குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள். அப்போதுதான் ஆமென் எப்போது சொல்வது என்று சபைக்குத் தெரியும். இந்த வரியில் எந்த விளையாட்டும் வேண்டாம்.

சாப்பிட்டு முடிந்தபின்னும் ஒரு ஜெபம் உண்டு. அங்கே முன்னதையே திருப்பிச் சொல்லிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 'சும்ப்தூரி' என்றால் இனிமேல் பெறப்போகிறவர்கள். பசியாறியவர்கள் சொல்லும் சொல் அல்ல. பின்ஜெபத்துக்கு 'பெனெதீக்தோ பெனெதிகாத்தூர்' போதும்: ஆசி பெற்றவருக்குத் துதி உண்டாவதாக. தட்டுகளை எடுத்தபின், மணமக்களை வாழ்த்திக் கோப்பை உயர்த்தும் முதல் டோஸ்டுக்கு முன் இதைச் சொல்லிவிடுங்கள்.