பத்தை மூண்டால பிரிச்சா கிணறு ஆருக்கு?

(வாசிகசாலை ஆண்டு விழாவில நான் கதைச்சதை அப்பிடியே எழுதியிருக்கிறன்.)

வாசிகசாலைத் தலைவர் அவர்களே, பிரதேச செயலகத்தால வந்திருக்கிற ஐயா, எங்கட பள்ளிக்கூட அதிபர் அம்மா, கமக்கார அமைப்புச் செயலாளர் தம்பி, வெயிலுக்கை இவ்வளவு நேரமும் இருக்கிற பிள்ளையள், எல்லாருக்கும் வணக்கம். ஐயா இன்னொரு கூட்டத்தை விட்டிட்டு வந்தவராம், அதுக்குத் தனி நன்றி, அவரிட்டைக் கேக்க எனக்கு ஒரு விசயம் இருக்கு, பிறகு வாறன். பேர் விட்டுப்போன ஆக்கள் குறை நினையாதேங்கோ.

தந்த தலைப்பு விகிதமுறும் எண்களின்ர இயல்புகள். அஞ்சு இயல்பு சொல்லப் போறன். ஒரு முழு எண்ணைச் சைபர் இல்லாத இன்னொரு முழு எண்ணால பிரிச்சு எழுத ஏலுமெண்டா அது விகிதமுறும் எண். அரை, முக்கால், மறை அஞ்சு, ஏன் சைபரும் அதுக்கைதான். எங்கட அப்பாச்சி பள்ளிக்கூடம் போகேல்லை, ஆனா அரைக்கால் எண்டா 1/8, மாகாணி எண்டா 1/16, முந்திரி எண்டா 1/320 எல்லாம் வாயாலயே கூட்டும். ஆத்தில போட்டாலும் அளந்து போடு எண்டு மனுசி சொல்லாத நாளில்லை.

முதலாவது இயல்பு, கூட்டினாலும் கழிச்சாலும் பெருக்கினாலும் இந்த எண்கள் தங்கட கூட்டத்தை விட்டு வெளியால போகாது. பிரிச்சாலும் அப்பிடித்தான், சைபரால மட்டும் பிரிக்கேலாது.

ரெண்டாவதுக்கு ஒரு கதை இருக்கு. அப்பு 10 ஏக்கர் காணியை எங்கள் மூண்டு பேருக்கும் சமனா எழுதச் சொன்னவர். அளக்க வந்தவர் கல்குலேட்டரை அமத்த 3.333 எண்டு ஓடிச்சுது, அவர் 3.33 எண்டு வெட்டி மூண்டு காணி உறுதியிலயும் போட்டிட்டார். கூட்டிப் பாருங்கோ, 9.99. மிச்சம் 0.01 ஏக்கர், ஏக்கருக்கு 160 பேர்ச் எண்டா 1.6 பேர்ச், ஒரு மாட்டுக்கொட்டில் அளவு. அதுக்கைதான் கிணறு! பெரியண்ணை முள்ளுக்கம்பி அடிச்சார், அத்தான் இரவோட இரவா அதைப் பிடுங்கினார், நான் கடைக்குட்டி, வாளியோட நடுவில நிண்டன். அந்த வருசப் பொங்கலுக்கு ஒரே வளவுக்கை மூண்டு பானை, மூண்டு பக்கமும் பாத்துப் பொங்கிச்சுது. கடைசியில அப்பு தடியால மண்ணில 10 எழுதி, கீழ கோடு இழுத்து, 3 எண்டு எழுதிப்போட்டு, இதுதான்ரா பங்கு, மிசினில தெரியிறது வால் அறுந்த பங்கு எண்டார். பிள்ளையள், 3.333 முடியாமல் ஓடினாலும் ஒரே இலக்கம் திரும்பத் திரும்ப வாறதால அது விகிதமுறும் எண்தான், அதுதான் ரெண்டாவது இயல்பு. வட்டத்தின்ர சுற்றளவை விட்டத்தால பிரிச்சா வாற பை (π) அப்பிடியில்லை, 22/7 ஒரு கிட்டத்தட்டக் கணக்கு, பை விகிதமுறா எண் எண்டு லாம்பேட் எண்ட கணித அறிஞர் 1761 இலயே நிறுவிப்போட்டார்.

இன்னொண்டு, எந்த ரெண்டு விகிதமுறும் எண்ணுக்கு நடுவிலயும் இன்னொண்டு இருக்கும். 1/3 க்கும் 1/2 க்கும் நடுவில 5/12. அதுக்கும் 1/2 க்கும் நடுவில இன்னொண்டு, முடிவே இல்லை. ஆனா எங்கட வாய்க்கால் முடியுது ஐயா, கடைக்கோடி வயலுக்கு வர முதலே முடியுது! சிறுபோகத்துக்குத் துருசு, அதுதான் குளத்து மதகு, திறக்கேக்கை தலைப்பு வயலுக்கு எத்தினை பங்கு, கடைசி வயலுக்கு எத்தினை பங்கு எண்டு பின்னத்தில எழுதிப் பலகையில போடச் சொல்லித்தான் ரெண்டு வருசமா கேக்கிறம். கனகராயன் ஆறு இரணைமடுக் குளத்துக்குக் கொண்டு வாற தண்ணி எல்லாருக்கும் பொதுவெண்டா அதையும் அளந்துதானே விடோணும், ஆத்தில போட்டாலும் அளந்து போடு.

மிச்ச இயல்புகளுக்கு நேரமில்லை எண்டு தலைவர் மணியைப் பாக்கிறார், அதிபர் அம்மா வகுப்பில சொல்லித் தருவா. வாசலில மேசையில மனு இருக்கு, கையெழுத்து வைச்சிட்டு தேத்தண்ணியை எடுங்கோ. வடையும் ஆளுக்கு ஒண்டுதான், எண்ணித்தான் சுட்டது.