ஒரு மில்லி விநாடிக்குள் ஒரு தீர்ப்பு: அலைபேசிக் கோபுரம் யாருக்கு முதலில் தருகிறது?

[திரையில்: பேருந்து நிறுத்தத்தில் பத்துப் பேர், பின்னணியில் ஒரு கோபுரம்.]

வணக்கம். ஒரே கோபுரத்தின் கீழ் நிற்கும் பத்துப் பேரில் ஒருவர் காணொளி பார்க்கிறார், ஒருவர் பணம் அனுப்புகிறார், மற்றொருவர் பேசிக்கொண்டிருக்கிறார். ஆனால் அத்தனை பேருக்கும் சேர்த்து இருப்பது ஒரே அலைவரிசைதான். அதை யாருக்கு, எவ்வளவு, எப்போது கொடுப்பது என்பதைக் கோபுரத்தின் கருவியில் ஓடும் ஷெட்யூலர் என்ற மென்பொருள் தீர்மானிக்கிறது. 4ஜியின் தொழில்நுட்பமான எல்டிஇ முறையில் இந்தத் தீர்மானம் விநாடிக்கு 1000 முறை எடுக்கப்படுகிறது. எவ்வளவு நல்ல முடிவாக இருந்தாலும், தனக்குரிய அந்த ஒரு மில்லி விநாடி கடந்த பிறகு வந்தால் அதனால் பயனில்லை.

[திரையில்: நூறு கட்டங்கள் கொண்ட ஒரு பட்டை.]

முதலில், பங்கிடப்படும் பொருள் என்ன என்று பார்ப்போம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள எல்டிஇ அலைவரிசை, ரிசோர்ஸ் பிளாக் எனப்படும் 100 துண்டுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு துண்டிலும் 15 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் 12 துணை அலைகள் உள்ளன. ஆகவே ஒரு துண்டின் அகலம் 180 கிலோஹெர்ட்ஸ்.

இந்தத் துண்டுகளைப் பங்கிட எளிய வழி, வாய்க்கால் பாசனத்தில் முறை வைத்துத் தண்ணீர் விடுவதுபோல, ஆளுக்கொரு முறை கொடுப்பது. இதில் யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் சிக்னல் மோசமாக இருக்கும் நேரத்தில் ஒருவருக்கு முறை வந்தால், அந்த முறை ஏறக்குறைய வீணாகிறது. இதற்கு நேர்மாறான வழி, யாருடைய சிக்னல் மிக நன்றாக இருக்கிறதோ அவருக்கே கொடுப்பது. மொத்த வேகம் உச்சத்தைத் தொடும். ஆனால் தண்ணீர் முழுவதும் தலைமடையிலேயே தீர்ந்துபோக, கோபுரத்திலிருந்து தொலைவில் இருக்கும் கடைமடைக்காரர் காய்ந்து கிடப்பார்.

பாசன உவமை இதற்கு மேல் பொருந்தாது. ஏனெனில் வாய்க்காலின் மேடு பள்ளம் ஆண்டுக்கணக்கில் அப்படியே இருக்கும். வானலையின் மேடு பள்ளமோ மில்லி விநாடிகளில் மாறும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தொல்லையாகப் பார்க்காமல் வாய்ப்பாகப் பார்க்கலாம் என்பதை 1995இல் நாப், ஹம்ப்லெட் என்ற இரு ஆய்வாளர்கள் காட்டினார்கள்: பலர் காத்திருக்கும்போது, யாராவது ஒருவருக்கு அந்தக் கணத்தில் சிக்னல் உச்சத்தில் இருக்கும். பின்னர் டேவிட் ட்சே என்ற ஆய்வாளரின் பங்களிப்புடன் குவால்காம் நிறுவனத்தின் மூன்றாம் தலைமுறைத் தரவு முறையில் இடம்பெற்ற விகிதச்சம நியாயம் என்ற விதி, இந்த வாய்ப்பையும் நியாயத்தையும் ஒரே வகுத்தலில் இணைத்தது. ஒருவருக்கு இக்கணத்தில் கிடைக்கக்கூடிய வேகத்தை, அவர் இதுவரை பெற்றுவந்த சராசரி வேகத்தால் வகுக்க வேண்டும். யாருடைய விடை பெரிதோ அவருக்கே வாய்ப்பு. கோபுரத்துக்கு அருகில் இருப்பவருக்கு இப்போது 20 மெகாபிட் கிடைக்கும், சராசரி 10 என்றால் விடை 2. தொலைவில் இருப்பவருக்கு 6 மெகாபிட்தான் கிடைக்கும், ஆனால் சராசரி 2 என்றால் விடை 3. வாய்ப்பு தொலைவில் இருப்பவருக்கே போகிறது. ஒவ்வொருவரையும் அவரவருடைய பழைய நிலையோடு மட்டும் ஒப்பிடுவதே இந்த விதியின் அழகு.

[திரையில்: கட்டங்கள் நான்கு நான்காகச் சேர்ந்து 25 குழுக்களாக மாறுகின்றன.]

விதி எளிது, கணக்குதான் சிக்கல். எல்டிஇயில் ஒருவருக்கு ஒரு தடவையில் கொடுக்கப்படும் எல்லாத் துண்டுகளிலும் ஒரே பண்பேற்றத்தையும் (தரவை அலையில் ஏற்றும் விதம்) ஒரே பிழைதிருத்தக் குறியீட்டையும் (பிழையைச் சரிசெய்யச் சேர்க்கப்படும் கூடுதல் தரவு)தான் பயன்படுத்த முடியும் என்பதால், ஒரு துண்டைப் பற்றிய முடிவு அடுத்த துண்டின் மதிப்பை மாற்றிவிடுகிறது. எனவே மிகச் சிறந்த பங்கீட்டைத் தேடுவதென்றால், 10 பேருக்கு 100 துண்டுகளைக் கொடுக்கும் எல்லா வழிகளையும் பார்க்க வேண்டும். அந்த வழிகளின் எண்ணிக்கை, 1 போட்டு அதன் பின் 100 சுழியங்கள். நடைமுறையில், நான்கு துண்டுகளை ஒரு குழுவாகச் சேர்த்து, 25 குழுக்களில் ஒவ்வொன்றுக்கும் மேற்சொன்ன விகிதம் அதிகமுள்ளவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வேலை 250 ஒப்பீடுகளில் முடிந்துவிடுகிறது. சற்றுக் குறைவான பங்கீட்டை உரிய நேரத்தில் தருவதே இங்கே சிறந்த பங்கீடு.

அடுத்து, இந்தக் கணக்குக்குள் போகும் எண்ணின் வயதைப் பார்ப்போம். தனக்கு எவ்வளவு சிக்னல் கிடைக்கிறது என்பதை ஒவ்வொரு அலைபேசியும் 0 முதல் 15 வரையிலான ஓர் எண்ணாகக் கோபுரத்துக்குத் தெரிவிக்கிறது. 2 கிகாஹெர்ட்ஸில் அலைநீளம் 15 சென்டிமீட்டர். அதில் பாதித் தொலைவு நகர்ந்தாலே சிக்னலின் நிலை முற்றிலும் மாறிவிடலாம். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஓடும் பேருந்து அந்தத் தொலைவை நான்கரை மில்லி விநாடியில் கடந்துவிடுகிறது. அளந்து, அனுப்பி, பிரித்தறிந்து, பயன்படுத்துவதற்குள் அந்த எண் பழையதாகிவிடுகிறது. நடந்து செல்பவருக்கு அதே தொலைவைக் கடக்க ஐம்பது மில்லி விநாடிக்கு மேல் ஆகும் என்பதால், அவருடைய ஏற்ற இறக்கத்தைத் துரத்துவதில் பொருள் உண்டு. பேருந்துக்காரருக்கு அலைவரிசையின் ஒவ்வொரு பகுதிக்கும் தனி எண் கேட்பது வீண் செலவு. முழுமைக்கும் ஒரே சராசரி போதும்.

பழைய எண்ணால் வரும் பிழையைச் சரிசெய்யும் முறை எனக்கு மிகவும் பிடித்தமானது. கோபுரம், அலைபேசி சொன்ன எண்ணோடு ஒரு திருத்தத்தைச் சேர்த்துக்கொள்கிறது. அனுப்பியது சரியாகப் போய்ச் சேர்ந்தால் திருத்தத்தை ஒரு படி ஏற்றுகிறது. தவறினால் ஒன்பது படி இறக்குகிறது. ஒன்பது வெற்றிக்கு ஒரு தோல்வி என்ற இடத்தில் ஏற்றமும் இறக்கமும் சமமாகி, பிழை விகிதம் தானாகவே 10 சதவீதத்தில் நிலைகொள்கிறது. பத்தில் ஒன்று தவறலாமா என்று நீங்கள் கேட்கலாம். தவறிய பிரதியை அலைபேசி எறிந்துவிடுவதில்லை. மறுமுறை வரும் பிரதியோடு அதைச் சேர்த்துப் படிக்கிறது. ஆகவே தோல்வியிலும் பாதி வேலை நடந்திருக்கிறது; ஒருபோதும் தவறாத அளவுக்கு மெதுவாக அனுப்புவதுதான் உண்மையான விரயம்.

[திரையில்: அலை வடிவம் தனித்தனித் துணை அலைகளாகப் பிரிகிறது.]

கணக்கைக் குறைக்கும் இதே போராட்டம் சிக்னலைப் பிரித்தறியும் பகுதியிலும் நடக்கிறது. வந்த அலையிலிருந்து துணை அலைகளைப் பிரிக்க 2048 புள்ளி ஃபூரியர் மாற்று என்ற கணக்கு தேவை. நேரடியாகச் செய்தால் 41,94,304 பெருக்கல்கள். கூலியும் டூக்கியும் 1965இல் வெளியிட்ட அதிவேக முறையில் 11,264 மட்டுமே. ஒரு சிம்பலுக்கு, அதாவது ஒரு தடவை அனுப்பப்படும் அலைக்கு, கிடைக்கும் நேரம் சுமார் 71 மைக்ரோ விநாடிதான் என்பதால், இந்த முறை இல்லாமல் 4ஜியே இல்லை என்று சொல்லலாம்.

பல ஆன்டெனாக்கள் வழியாக ஒரே நேரத்தில் பல தரவோடைகளை அனுப்பும் முறைக்கு, பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜும் தாமஸ் கைலாத்தும் 1994இல் காப்புரிமை பெற்றார்கள். அதில் நான்கு ஓடைகள், ஒவ்வொன்றிலும் 64 நிலைகள் என்றால், எது அனுப்பப்பட்டது என்று தேட 1,67,77,216 சாத்தியங்கள் உள்ளன. அதுவும் ஒவ்வொரு துணை அலைக்கும் தனித்தனியாக. எனவே அனைத்தையும் தேடாமல், வானலையின் தன்மையைக் குறிக்கும் எண் அட்டவணையான ஓர் அணியின் (மேட்ரிக்ஸ்) நேர்மாறைக் கண்டுபிடித்துப் பெருக்கி விடையை நெருங்குகிறார்கள். அடுத்தடுத்த துணை அலைகளில் வானலையின் தன்மை பெரிதாக மாறுவதில்லை. ஆகவே ஒருமுறை கண்ட நேர்மாறைப் பக்கத்துத் துணை அலைகளுக்கும் பயன்படுத்திக்கொள்ளலாம்.

5ஜியில் நெருக்கடி இன்னும் கூடுகிறது. 100 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், 30 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியோடு, 273 துண்டுகள். முடிவெடுக்கக் கிடைக்கும் காலம் அரை மில்லி விநாடி. துண்டுகள் இரண்டரை மடங்குக்கு மேல் கூடியதால் குழுக்களும் அதற்கேற்பக் கூடியிருக்கும் என்று தோன்றும். ஆனால் 5ஜி தரநிலை 16 துண்டுகளை ஒரு குழுவாக்கியது. 4ஜியில் 25 குழுக்களுக்கு முடிவெடுத்த ஷெட்யூலர், இங்கே 18 குழுக்களுக்கு முடிவெடுத்தால் போதும்.