சுடுகாட்டு மல்லியும் மாட்டு மாத்திரையும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன வருடம் குறுவை அறுவடை முடிந்த சமயம். அடுத்த தெருக்காரர் ஒருவர் காலையிலேயே என் வீட்டுக்கு வந்தார். நான்கு மா நிலமும் இரண்டு கறவை மாடுகளும் வைத்திருப்பவர். சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துத் திண்ணையில் வைத்தார். மாட்டுக்குக் குடற்புழு நீக்கக் கொடுக்கும் ஃபென்பெண்டசோல்.

“ஐயா, இதை அக்காவுக்குக் கொடுக்கலாமா? செல்போனில் வந்தது. அமெரிக்காவில் ஒருவருக்கு இதிலேயே புற்றுநோய் போய்விட்டதாம்.”

அவருடைய அக்காவுக்கு நிணநீர்க் கணுக்களில் புற்றுநோய். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மருந்து ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மருத்துவக் கல்லூரியில் மருந்தியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்பதால் என்னிடம் கேட்க வந்திருக்கிறார். சிரித்து அனுப்பிவிடக்கூடிய கேள்வி இல்லை அது.

மருத்துவமனைச் சீட்டை வாங்கிப் பார்த்தேன். நான்கைந்து மருந்துகளுக்கு நடுவே வின்கிரிஸ்டின் என்று இருந்தது. அவரை அழைத்துக்கொண்டு குடமுருட்டிக் கரைவரை நடந்தேன். மயானத்துக்குப் போகும் பாதையோரம் இளஞ்சிவப்பில் நித்தியகல்யாணி பூத்து நின்றது. சுடுகாட்டு மல்லி என்று சொல்லி, பலர் வீட்டு வாசலில் சேர்க்காத செடி. ஆடுகூட வாய் வைக்காது. “அக்காவுக்கு ஏற்றுகிற மருந்து இந்த இலையிலிருந்து வந்ததுதான்” என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஜமைக்காவில் இந்த இலையைச் சர்க்கரை நோய்க்குக் கஷாயம் வைத்துக் குடிப்பார்கள். 1952இல் கனடாவிலிருந்த ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளரின் கைக்கு அந்த இலைகள் வந்து சேர்ந்தன. எலிகளுக்குப் புகட்டிப் பார்த்தார், சர்க்கரை அசையவில்லை. ஊசியாகப் போட்டுப் பார்த்தார். எலிகள் நோய்த்தொற்று வந்து செத்தன. வேறொருவராக இருந்தால் கணக்கை மூடியிருப்பார். நோபிள் இரத்தத்தைப் பார்த்தார். வெள்ளணுக்கள் சரிந்திருந்தன. வெள்ளணுவைக் குறைக்கிற பொருள், வெள்ளணு கட்டுமீறிப் பெருகும் இரத்தப் புற்றுநோய்க்கு உதவாதா என்று யோசித்தார்கள். சார்லஸ் பீர் என்ற வேதியியலாளர் அந்தச் சாற்றிலிருந்து வின்பிளாஸ்டினைப் பிரித்தெடுத்தார். 1958இல் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. ‘எலி லில்லி’ என்ற அமெரிக்க மருந்து நிறுவனத்தார் தனியாகச் செய்த ஆய்வில் வின்கிரிஸ்டின் கிடைத்தது. 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. சர்க்கரைக்கு மருந்து தேடிப் போன இடத்தில் கிடைத்தது இது.

இது வேலை செய்யும் விதத்தைத் திருவாரூர்த் தேரை வைத்துச் சொல்லலாம். ஒரு செல் இரண்டாகப் பிரியும்போது, மரபுப் பொருளை இரு பக்கமும் இழுத்துச் செல்ல வடம் வேண்டும். அந்த வடத்தின் நார் டியூபுலின் என்ற புரதம். வின்கிரிஸ்டின் நாரைப் பிடித்துக்கொண்டு வடம் திரிய விடாது. தேர் நிலையிலேயே நின்றுவிடும். செல் பிரிய முடியாமல் சாகும்.

வேடிக்கை என்னவென்றால், நண்பர் கொண்டுவந்த மாட்டு மாத்திரையும் இதே நாரைத்தான் பிடிக்கிறது, ஆனால் புழுவின் உடம்பில். ஆய்வுக்கூடத் தட்டில் புற்றுநோய்ச் செல்களின் மேல் ஊற்றினால் அவையும் சாகின்றன. செல்போன் செய்தியில் இவ்வளவு உண்மை இருக்கிறது. ஆனால் தட்டில் ஊற்றுவது வேறு, வயிற்றில் விழுங்குவது வேறு. மாத்திரையின் பெரும்பகுதி குடலைத் தாண்டி இரத்தத்தில் சேருவதே இல்லை. தாமாக வாங்கிச் சாப்பிட்டுக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மருத்துவ இதழ்களில் வந்திருக்கிறது. அந்த அமெரிக்கர் அதே சமயத்தில் புதிய நோயெதிர்ப்பு மருந்துக்கான ஆய்வு ஒன்றிலும் சேர்ந்திருந்தார். அந்த ஒரு வரி மட்டும் செல்போனுக்கு வந்து சேரவில்லை.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கே யாராவது நித்தியகல்யாணியை அரைத்துக் குடிப்பார்கள். அது விஷச் செடி. கொஞ்சம் வின்கிரிஸ்டின் பிரிக்கவே ஏராளமான காய்ந்த இலை தேவை. நோயாளிக்கு ஒரு தடவைக்கு ஏற்றுவதோ வழக்கமாக 2 மில்லிகிராமைத் தாண்டாது. அதுவும் இரத்தக் குழாயில் மட்டும்தான். தவறி முதுகுத் தண்டில் போட்டால் உயிர் போய்விடும்.

பழைய மருந்துக்குப் புது வேலை தேடுவதில் எத்தனையோ பேர் இறங்கியிருக்கிறார்கள். பாதிக்கு மேல் தோல்விதான். டெல்டாவில் பல வீடுகளின் மாத்திரை டப்பாவில் இருக்கும் மெட்ஃபார்மினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதைச் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளிடம் புற்றுநோய் குறைவாகத் தென்படுகிறதே என்று பெரிய நம்பிக்கை எழுந்தது. மார்பகப் புற்றுநோயாளிகள் 3,649 பேரை வைத்து, பாதிப் பேருக்கு மெட்ஃபார்மினும் மீதிப் பேருக்கு வெற்று மாத்திரையும் ஐந்தாண்டு வரை கொடுத்தார்கள். 2022இல் முடிவு வந்தது: நோய் திரும்புவதில் வித்தியாசமே இல்லை. நானும் அதை நம்பி வகுப்பில் கொஞ்சம் ஆர்வமாகவே பேசியவன்.

மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் ராஜேந்திர பட்வே குழுவினர் செய்ததோ நேர்மாறாக முடிந்தது. அவர்கள் எடுத்தது லிக்னோகெய்ன். பல் பிடுங்குமுன் ஈறில் போடுகிறார்களே, அதே மரப்பு ஊசி. மார்பகக் கட்டியை அகற்றுவதற்கு 7 முதல் 10 நிமிடம் முன்பு கட்டியைச் சுற்றிப் போட்டார்கள். கத்தி படும் நேரத்தில் செல்கள் சிதறி ஓடுவதை அது தடுக்கலாம் என்பது எண்ணம். 1,600 பெண்கள், நாட்டின் பதினொரு மருத்துவமனைகள். ஐந்தாண்டுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் ஊசி போடாதவர்களில் நூற்றுக்கு 86.4, போட்டவர்களில் 90.1. 2023இல் வெளியான கணக்கு இது. இன்னொரு நாட்டில் செய்து இதே விடை வந்தால் என் மனம் முழுதாக அடங்கும். ஆனால் யார் செலவு செய்து செய்வார்கள்? காப்புரிமை போய்ப் பல காலமான மலிவு ஊசியில் எந்த நிறுவனத்துக்கும் இலாபமில்லை. டாட்டா ஆய்வும் பொதுப் பணம் போட்டதால்தான் நடந்தது.

நண்பர் மாத்திரை அட்டையை மறுபடி பையில் வைத்துக்கொண்டார். அக்கா மருந்து ஏற்றுவதை விடவில்லை. நான்காவது தடவைக்குப் பிறகு விரல் நுனி மரத்துப்போயிற்று. நரம்புக்குள்ளும் அதே டியூபுலின் நாரால் ஆன பாதைகள் இருக்கின்றன. வின்கிரிஸ்டின் அதையும் விட்டுவைக்காது. கதம்பம் கட்டிப் பழகிய கை அவருடையது. மருக்கொழுந்து விரலிடுக்கில் இருப்பதே தெரியவில்லை என்றார். மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள் என்றேன், சொன்னார், அளவைக் குறைத்தார்கள்.

இப்போது ஊசி முடிந்து ஆறு மாதம் ஆகிறது. ஸ்கேனில் கட்டி தெரியவில்லை. மறுபடி பூக்கட்டத் தொடங்கியிருக்கிறார். முடிச்சு இன்னும் கொஞ்சம் தளர்வாகத்தான் விழுகிறது, நடுவில் நார் தெரிகிறது. அந்த மாத்திரைகளைக் கால்நடை மருத்துவர் சொன்ன அளவில் சிவப்புப் பசுவுக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

வணக்கம்.