வெள்ளம் வருமுன்: நியூஜெர்சியின் கட்சிக் குழுக்களும் காலியாகக் கிடக்கும் நாற்காலிகளும்

(நியூஜெர்சித் தமிழர் கூடிய ஓர் ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய விழாத் தலைவர் அவர்களே, இந்த மண்டபத்தை மனமுவந்து அளித்த பெரியவர் அவர்களே, தம் அலுவல்களுக்கிடையே வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகரமன்ற உறுப்பினர் அவர்களே, ஜனநாயகக் கட்சியின் கவுண்டி (மாவட்ட) குழுவிலிருந்தும் குடியரசுக் கட்சியின் கவுண்டி குழுவிலிருந்தும் வந்து ஒரே மேடையில் அருகருகே அமர்ந்து இந்த அவைக்குப் பெருமை சேர்த்திருக்கும் நண்பர்களே, எனக்கு முன்னே அரிய உரை நிகழ்த்திய பேராசிரியர் அம்மா அவர்களே, வரவேற்புரையில் தகுதிக்கு மேல் என்னைப் பாராட்டிய செயலாளர் தம்பி அவர்களே, காலை முதல் சமையற்கூடத்தில் நின்று நமக்காக உழைத்துக்கொண்டிருக்கும் சகோதர சகோதரிகளே, தமிழ்ப் பள்ளிக் குழந்தைகளே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

பிரைமரி எனப்படும் உட்கட்சித் தேர்தல் வருவதற்கு முன்னால் ஒரு மாநிலக் கட்சிக் குழு என்னென்ன வேலைகளைச் செய்கிறது என்பதைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்திருக்கிறார்கள். இதை மூன்று பகுதிகளாகச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் தேசிய மாநாட்டுக்குச் செல்லும் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் விதிகள். இரண்டாவது, கட்சி எந்த வேட்பாளரை ஆதரிக்கிறது என்பதை முடிவு செய்யும் முறை. மூன்றாவது, நிதி. இந்த மூன்றுக்கும் அடியில் நம் முன்னோர் சொன்ன ஒரு பழமொழி இருக்கிறது: வெள்ளம் வருமுன் அணை போடு. ஜூன் மாதத்தில் வாக்குச்சாவடிக்குப் போகிற நாள்தான் வெள்ளம் வருகிற நாள். அதற்கு முந்தைய இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் பள்ளிக்கூட அரங்குகளிலும் தொழிற்சங்கக் கட்டடங்களிலும் கூடுகிற சின்னச் சின்னக் கூட்டங்களில் அணை கட்டப்பட்டுவிடுகிறது.

முதலில் விதிகள். ஜனநாயகக் கட்சியில், குடியரசுத் தலைவர் தேர்தல் நடக்கும் ஆண்டுக்கு முந்தைய ஆண்டிலேயே ஒவ்வொரு மாநிலக் குழுவும் தன் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுக்கும் திட்டத்தை எழுத வேண்டும். அந்த வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, முப்பது நாள் கருத்துக் கேட்டு, பிறகு குழுவில் நிறைவேற்றி, தேசியக் குழுவின் விதிகள் பிரிவுக்கு அனுப்பி ஒப்புதல் பெற வேண்டும். பதினைந்து விழுக்காடு வாக்குப் பெறாத வேட்பாளருக்குப் பிரதிநிதி கிடையாது என்பதும், பிரதிநிதிகளில் ஆணும் பெண்ணும் சரிபாதியாக இருக்க வேண்டும் என்பதும் அந்த விதிகளில் அடக்கம். குடியரசுக் கட்சியில் மாநிலக் குழுக்களுக்கு இன்னும் கூடுதலான சுதந்திரம் உண்டு. ஆனாலும் தேர்தலுக்கு முந்தைய ஆண்டின் அக்டோபர் முதல் நாளுக்குள் தங்கள் முறையைத் தேசியக் குழுவுக்குத் தெரிவித்துவிட வேண்டும். அந்த முப்பது நாளில் கருத்துச் சொன்ன தமிழர் நம்மில் எவ்வளவு பேர் என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்தப் பிரதிநிதிகள் வெறும் சம்பிரதாயத்துக்குப் போகிறவர்கள் என்று நினைப்பவர்களுக்கு 2024-ஆம் ஆண்டை நினைவுபடுத்துகிறேன். ஜூலை 21 அன்று ஜோ பைடன் போட்டியிலிருந்து விலகினார். பிரைமரி தேர்தல்களெல்லாம் முடிந்துபோன நேரம். யாரை நிறுத்துவது என்று கோடிக்கணக்கான வாக்காளர்களிடம் திரும்பப் போய்க் கேட்க வழியில்லை. மாநிலம் மாநிலமாகப் பிரதிநிதிகள் காணொளியில் கூடினார்கள். மறுநாள் இரவுக்குள்ளேயே கமலா ஹாரிஸுக்குப் போதுமான ஆதரவு திரண்டுவிட்டது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் இணையவழி வாக்கெடுப்பில் அவர் வேட்பாளரானார். அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் கோயிலில் அவருக்காக வழிபாடு நடந்ததை நாமெல்லாம் தொலைக்காட்சியில் பார்த்து நெகிழ்ந்தோம். அந்த நெகிழ்ச்சி நியாயமானது. ஆனால் அன்றைக்கு முடிவு எடுத்தவர்கள் ஏறத்தாழ நான்காயிரம் பிரதிநிதிகள். அவர்கள் பெயர்கள் பட்டியலில் ஏறியது பல மாதங்களுக்கு முன், யாரும் கவனிக்காத கூட்டங்களில். வெள்ளம் வருமுன் அணை போட்டவர்களின் கையில்தான் அன்றைய முடிவு இருந்தது.

இங்கே ஒரு வரலாற்றைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. நமது நியூஜெர்சியில், நாம் கோடை விடுமுறையில் குழந்தைகளைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்கிறோமே, அந்த அட்லாண்டிக் சிட்டியில் 1964 ஆகஸ்டில் நடந்தது இது.

மிசிசிப்பி மாநிலத்தில் சன்ஃப்ளவர் கவுண்டி, ரூல்வில் என்ற ஊர். ஃபேனி லூ ஹேமர் என்ற கறுப்பினப் பெண்மணி அங்கே ஒரு பண்ணையில் குத்தகைக் கூலியாகப் பருத்தி எடுத்து வாழ்ந்தவர். 1962 ஆகஸ்ட் 31 அன்று பதினெட்டுப் பேராக இருபத்தாறு மைல் பயணம் செய்து, இண்டியனோலா நீதிமன்றத்துக்குப் போய் வாக்காளராகப் பதிவுசெய்ய முயன்றார்கள். அவர் வீடு திரும்புவதற்குள் செய்தி பண்ணை முதலாளிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. விண்ணப்பத்தைத் திரும்பப் பெறாவிட்டால் பண்ணையை விட்டு வெளியேற வேண்டும் என்றார் முதலாளி. அம்மையார் சொன்ன பதிலைக் கேளுங்கள்: "நான் உங்களுக்காகப் பதிவுசெய்யப் போகவில்லை, எனக்காகப் போனேன்." அன்றிரவே அவர் வெளியேற வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டு ஜூன் மாதம், வினோனா என்ற ஊரின் சிறையில் அவரை அடித்த அடியின் பாதிப்பு வாழ்நாள் முழுதும் அவர் உடலை விட்டுப் போகவில்லை.

இதெல்லாம் வாக்குரிமைப் போராட்டத்தின் கதைதானே, கட்சிக் குழுவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு இருக்கிறது. மிசிசிப்பியில் தேசிய மாநாட்டுக்கான பிரதிநிதிகளை வட்டாரக் கூட்டம், கவுண்டி மாநாடு, மாநில மாநாடு என்று படிப்படியாகத் தேர்ந்தெடுத்தார்கள். 1964 ஜூனில் கறுப்பின மக்கள் அந்த வட்டாரக் கூட்டங்களுக்குப் போய்ப் பார்த்தார்கள். சில ஊர்களில் கதவு அடைத்திருந்தது. சில ஊர்களில் உள்ளே விட மறுத்தார்கள். ஆகவே அவர்கள், அந்த ஏப்ரலிலேயே தாங்கள் கட்டியிருந்த மிசிசிப்பி சுதந்திர ஜனநாயகக் கட்சி என்ற அமைப்பின் பெயரில் களம் இறங்கினார்கள். அதே விதிகளின்படி, அதே படிகளில், தாங்களே வட்டாரக் கூட்டம் நடத்தினார்கள். கவுண்டி மாநாடு நடத்தினார்கள். ஆகஸ்ட் 6 அன்று ஜாக்சன் நகரில் மாநில மாநாடும் நடத்தினார்கள். எல்லா ஊர்க்காரர்களுக்கும் கதவைத் திறந்து வைத்து அறுபத்தெட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்து, பேருந்துகளில் ஏற்றி அட்லாண்டிக் சிட்டிக்கு அனுப்பினார்கள். வந்தவர்கள் ஆரோன் ஹென்றியின் தலைமையில், யாருக்கு மாநாட்டில் இடம் என்று முடிவு செய்யும் தகுதி ஆய்வுக் குழுவின் முன்னே நின்று, எங்கள் மாநிலத்தின் உண்மையான பிரதிநிதிகள் நாங்கள்தான் என்று வாதாடினார்கள்.

ஆகஸ்ட் 22 அன்று ஹேமர் அம்மையார் அந்தக் குழுவின் முன் அமர்ந்தார். கையில் எழுதிவைத்த உரை இல்லை. பெயரைச் சொன்னார், ஊரைச் சொன்னார், நடந்ததை நடந்தபடி சொன்னார். நாடே தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தது. வெள்ளை மாளிகையில் இருந்த குடியரசுத் தலைவர் லிண்டன் ஜான்சன், தென்மாநில வாக்குகள் போய்விடுமோ என்று அஞ்சி, திடீரென்று செய்தியாளர்களைக் கூட்டினார். ஒளிபரப்பு அங்கே திரும்பியது. ஆனால் அன்று மாலைச் செய்திகளில் அம்மையாரின் பேச்சு மீண்டும் ஒளிபரப்பாகி, இன்னும் அதிகமான வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் கட்சிக்கு இடம் தராவிட்டால் அமெரிக்காவையே நான் கேள்வி கேட்கிறேன் என்று அவர் முடித்த பேச்சை நீங்கள் ஒருமுறையாவது கேட்க வேண்டும். பிறகு சமரசம் பேசினார்கள். இரண்டு இருக்கைகள் தருகிறோம் என்றார்கள். வெறும் இரண்டு இருக்கைக்காக நாங்கள் இவ்வளவு தூரம் வரவில்லை என்று மறுத்துவிட்டார் அந்தத் தாய்.

அன்று அவர்கள் தோற்றுத்தான் ஊர் திரும்பினார்கள். ஆனால் இனப்பாகுபாடு காட்டும் மாநிலக் குழுக்களுக்கு இனி இடமில்லை என்ற உறுதிமொழி அந்த மாநாட்டில் பிறந்தது. 1968-இல் சிகாகோ மாநாட்டில் மிசிசிப்பியின் பழைய குழுவுக்கு இடம் மறுக்கப்பட்டது. வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்த குழு அமர்ந்தது. அதில் ஹேமர் அம்மையாரும் இருந்தார். 1969-இல் செனட்டர் மெக்கவர்ன் தலைமையில் கட்சி அமைத்த ஆணையம்தான், கட்சிக் கூட்டங்கள் எழுதப்பட்ட விதிகளின்படி, முன்கூட்டியே அறிவித்து, எல்லோருக்கும் திறந்து நடத்தப்பட வேண்டும் என்று வரையறுத்தது. கருத்துக் கேட்கும் முப்பது நாள் என்று சற்று முன்பு சொன்னேனே, அந்த உரிமையின் வேரைத் தேடிப்போனால் பூட்டிக் கிடந்த அந்த மிசிசிப்பிக் கதவுகளில் போய் நிற்போம்.

இரண்டாவதாக, ஆதரவு முடிவு. இதில் நியூஜெர்சிக்கென்று தனி வரலாறு உண்டு. 2024 வரை இங்குள்ள இருபத்தொரு கவுண்டிகளில் பத்தொன்பதில் "கவுண்டி லைன்" என்ற வாக்குச்சீட்டு முறை இருந்தது. கட்சியின் கவுண்டி அமைப்பு ஆதரிக்கும் எல்லா வேட்பாளர்களும், செனட்டர் முதல் உள்ளூர்ப் பதவி வரை, ஒரே வரிசையில் சேர்ந்து நிற்பார்கள். அந்த ஆதரவு இல்லாதவர் எங்கோ ஒரு மூலையில் தனியாக நிற்பார். அந்த மூலையை நம் மாநிலத்தவர் சைபீரியா என்றே அழைத்தார்கள். சில கவுண்டிகளில் குழு உறுப்பினர்கள் கூடி வாக்களித்து ஆதரவை முடிவு செய்தார்கள். சிலவற்றில் தலைவர் ஒருவர் சொன்னதே முடிவாக இருந்தது. 2024 பிப்ரவரி 26 அன்று, செனட்டர் பதவிக்குப் போட்டியிட்ட காங்கிரஸ் உறுப்பினர் ஆண்டி கிம் இதை எதிர்த்து வழக்குத் தொடர்ந்தார். மார்ச் 29 அன்று நீதிபதி ஜாகித் குரைஷி, அந்த ஆண்டு ஜனநாயகக் கட்சிப் பிரைமரியில் இந்த முறையைப் பயன்படுத்தத் தடை விதித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. கொரியக் குடும்பத்துப் பிள்ளையான அந்த ஆண்டி கிம் அந்த நவம்பரில் செனட்டராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 2025 மார்ச்சில் சட்டமே திருத்தப்பட்டு, இப்போது ஒவ்வொரு பதவிக்கும் போட்டியிடுபவர்கள் ஒரே கட்டத்துக்குள் வருகிறார்கள்.

இந்தத் தீர்ப்புக்குப் பின் கட்சிக் குழுக்களுக்கு இனி வேலை இல்லை என்று சிலர் சொல்கிறார்கள். அதை நான் அடியோடு மறுக்கிறேன். வரிசை போய்விட்டது, ஆதரவு போகவில்லை. கட்சியின் ஆதரவைப் பெற்றவர் என்ற சொல், தொண்டர் படை, வாக்காளர் பட்டியல், நன்கொடையாளர் தொடர்பு எல்லாம் இன்னும் குழுவின் கையில்தான் இருக்கின்றன. முன்பு தலைவரின் ஒரு சொல்லுக்கு இருந்த எடை குறைந்திருக்கும் இந்த நேரத்தில், உறுப்பினர் ஒவ்வொருவரின் வாக்குக்கும் எடை கூடியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் மன்மத் கவுண்டி ஜனநாயகக் கட்சி மாநாட்டில், அப்போதைய ஆளுநரின் மனைவியைத் தோற்கடித்து ஆண்டி கிம் வெற்றி பெற்றாரே, அங்கே வாக்களித்தவர்கள் யார்? நம் தெருவில் வசிக்கிற ஆசிரியர்கள், செவிலியர்கள், ஓய்வுபெற்ற தபால்காரர்கள்.

இந்தக் குழுக்களில் காலியாகக் கிடக்கும் நாற்காலிகளைப் பற்றித்தான் நான் சில ஆண்டுகளாகப் போகிற இடமெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறேன். நமது மாநிலத்தில் ஒவ்வொரு வாக்குச்சாவடி வட்டாரத்துக்கும் ஒவ்வொரு கட்சியிலும் கவுண்டி குழு உறுப்பினர்களைப் பிரைமரியிலேயே வாக்காளர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். பல ஊர்களில் அந்த இடங்களுக்குப் போட்டி இல்லை; இன்னும் சில வட்டாரங்களில் மனுப் போடவே ஆள் இல்லாமல் இடம் காலியாகக் கிடக்கிறது. தமிழர் நிறைந்து வாழும் வட்டாரங்களிலும் இதே நிலைதான் என்பதை வேதனையோடு சொல்கிறேன். தெருவுக்கு நான்கு தமிழ்க் குடும்பம் இருக்கிறது. குழுவில் ஒரு தமிழ்ப் பெயர் இல்லை.

இந்தப் பதவியால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு இரண்டு செய்திகள். சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் பதவிக்காலத்தின் நடுவில் விலகினாலோ மறைந்தாலோ, அந்த இடத்துக்கு இடைக்கால உறுப்பினரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அவர் சார்ந்த கட்சியின் குழு உறுப்பினர்கள். கட்சி சார்பில் தேர்வான நகரமன்ற உறுப்பினரின் இடம் காலியானால், அக்கட்சியின் நகரக் குழு பதினைந்து நாளுக்குள் மூன்று பெயர்களைத் தர, அவர்களில் ஒருவரை நகரமன்றம் நியமிக்கும். ஒரு சிறிய அறையில் கூடும் சில பேர் ஓர் ஊருக்கோ தொகுதிக்கோ பிரதிநிதியைத் தருகிறார்கள். அந்த அறையில் நாம் இல்லாவிட்டால், பள்ளி எல்லை, பேருந்துத் தடம், முதியோர் வரிச்சலுகை என்று நாம் பிறகு எழுதும் கடிதங்கள் அணை கடந்த வெள்ளத்தைக் கூவி அழைப்பதாகத்தான் இருக்கும். வெள்ளம் வருமுன் அணை போடு என்பதை நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எந்தக் கட்சியில் சேர வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மேடையில் இருக்கும் இரு தரப்பு நண்பர்களும் என்னை அறிவார்கள். உங்கள் மனச்சாட்சி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தக் கட்சியின் குழுவில் இருங்கள். அண்ணன் ஒரு கட்சிக் குழுவிலும் தம்பி மற்றொரு கட்சிக் குழுவிலும் இருந்தால் அந்த வீட்டுக்கு நான் நேரில் வந்து வாழ்த்துச் சொல்வேன்.

நிதியைப் பற்றி விரிவாகப் பேச நேரம் இல்லை. குழுவின் வரவு செலவுகள் சட்டப்படி தாக்கல் செய்யப்பட்டு யாரும் பார்க்கக்கூடிய வகையில் இருக்கின்றன. நன்கொடை கொடுக்கும் நம்மவர்கள் அந்தக் கணக்கைப் படித்துப் பார்க்கவும் பழக வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். பணம் கேட்கும்போது நம் வீட்டைத் தேடி வருகிறவர்கள், உறுப்பினர் இடம் காலியாகும்போதும் நம் வீட்டைத் தேடி வரும்படி செய்வது நம் கையில் இருக்கிறது.

செய்ய வேண்டியதைச் சொல்லி முடிக்கிறேன். குடியுரிமை பெற்றவர்கள் முதலில் வாக்காளர் பதிவைச் சரிபாருங்கள். ஒரு கட்சியில் பதிவுசெய்திருந்து மற்றொன்றுக்கு மாற விரும்பினால் பிரைமரிக்கு ஐம்பத்தைந்து நாட்களுக்கு முன்பே மாற்றிவிட வேண்டும். எந்தக் கட்சியிலும் பதிவு செய்யாதவர்கள் அன்றைய தினமே வாக்குச்சாவடியில் கட்சியைச் சொல்லி வாக்களிக்கலாம். குழு உறுப்பினருக்கான மனுவை ஊர் நகராட்சி எழுத்தர் அலுவலகத்தில் வாங்கி, உங்கள் வட்டாரத்து வாக்காளர்களிடம் கையெழுத்துப் பெற்று, அங்கேயே தாக்கல் செய்ய வேண்டும். 2024-இல் அதற்கான கடைசி நாள் மார்ச் 25. வரும் ஆண்டின் தேதியை இப்போதே கேட்டு நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். கிரீன் கார்டிலும் வேலை விசாவிலும் இருப்பவர்கள் வாக்களிக்க முடியாது. ஆனால் வாக்காளர்களான உங்கள் அக்கம்பக்கத்தாருக்கு இந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும்.

வாசல் அருகே உள்ள மேசையில் செயலாளர் தம்பி ஒரு பதிவேட்டைத் திறந்து வைத்திருக்கிறார். பெயர், ஊர், வட்டார எண் ஆகிய மூன்றும் போதும். மனு வாங்கச் செல்பவர்களுடன் துணைக்கு வர மேடையில் உள்ள இரு கட்சி நண்பர்களும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சாப்பாட்டுக்குப் போகும் வழியில்தான் அந்த மேசை இருக்கிறது, எழுதிவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.