மம்ப்சிமஸ்

நண்பர்களே, இன்று ஒரே ஒரு ஆங்கிலச் சொல்லைப் பற்றித்தான் பேசப் போகிறேன். மம்ப்சிமஸ். ஆங்கிலம் நிறையப் படித்தவர்களிலும் பலர் இதைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள்.

கதை ஒரு பாதிரியாரிடம் தொடங்குகிறது. லத்தீன் பூசையில் நற்கருணை வாங்கிய பிறகு சொல்லும் செபத்தில் 'சும்ப்சிமஸ்' என்று ஒரு சொல் வரும். 'உட்கொண்டோம்' என்று பொருள். இவர் அதை 'மும்ப்சிமஸ்' என்றே சொல்லிவந்தார். லத்தீனில் அப்படி ஒரு சொல்லே கிடையாது. சரி, யாரோ எடுத்துச் சொன்னார்கள். அவரோ, உங்கள் புது சும்ப்சிமஸுக்காக என் பழைய மும்ப்சிமஸை விட மாட்டேன் என்றுவிட்டாராம். 1516இல் டச்சு அறிஞர் எராஸ்மஸ் ஒரு கடிதத்தில் இதைக் குறிப்பிடுகிறார். அடுத்த ஆண்டே ரிச்சர்ட் பேஸ் என்ற ஆங்கிலேயர் தன் லத்தீன் நூலிலும் எழுதினார். முப்பது வருடப் பழக்கம் என்பது பேஸ் சொன்ன கணக்கு.

அந்த மும்ப்சிமஸ்தான் ஆங்கிலத்தில் மம்ப்சிமஸ். இந்தச் சொல்லை ஊரறியச் செய்தவர் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றி. 1545 டிசம்பர் 24 அன்று நாடாளுமன்றத்தில் அவர் ஆற்றிய கடைசி உரையில், சிலர் பழைய மம்ப்சிமஸில் விறைத்து நிற்கிறார்கள், சிலர் புதிய சும்ப்சிமஸில் மிதமிஞ்சித் துடிக்கிறார்கள் என்று இரு தரப்பையும் சேர்த்தே கடிந்துகொண்டார். மதச் சண்டை உச்சத்தில் இருந்த காலம் அது. திருத்த வந்தவர்களையும் அவர் விடவில்லை என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம்.

எடுத்துச் சொன்ன பிறகும் பிழையை விடாதவரையும் மம்ப்சிமஸ் என்று சொல்லலாம், அந்தப் பிழையையும் சொல்லலாம். நம்மிடம் 'பிடித்த முயலுக்கு மூன்றே கால்' இருக்கிறதே என்பீர்கள். நெருங்கி வரும், ஆனால் அதே பொருள் இல்லை. முயல்காரர் வாதத்தில் ஜெயிக்கப் பார்க்கிறார். பாதிரியாருக்கு வாதமே கிடையாது. நாக்குக்குப் பழகிப்போனது, அவ்வளவுதான்.

அதனால் தெரியாமல் தவறு செய்பவரை மம்ப்சிமஸ் என்று சொல்லவே கூடாது. 'சுவற்றில்' என்று எழுதும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். சுவர் என்ற சொல்லோடு இல் சேர்ந்தால் 'சுவரில்' என்றுதான் வரும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை என்றால் அது வெறும் பிழை. நீங்கள் பொறுமையாக விளக்கி, அவரும் தலையாட்டி, அப்புறம், "சரிதான், ஆனா இத்தனை வருஷமா இப்படித்தானே எழுதறேன்" என்று மறுபடியும் 'சுவற்றில்' எழுதுகிறார் பாருங்கள், அப்போதுதான் அது மம்ப்சிமஸ் ஆகிறது.